குண்டு மழையில் மேஜர் எங்கே நின்றார்?

போர்முனையில் ராணுவ அதிகாரிகளின் துணிவையும் தலைமைப் பண்பையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை ஒன்றாகச் சேர்ந்துவிட்டதால், பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: திரைப்படங்களில் அதிகாரி எல்லோருக்கும் முன்னால் துப்பாக்கியோடு பாய்ந்து ஓடுகிறார். உண்மையான சண்டையில் ஒரு கம்பெனிக்குத் தலைமை தாங்கும் மேஜர் என்னதான் செய்கிறார்? அவருடைய வீரம் சிப்பாயின் வீரத்திலிருந்து எதில் வேறுபடுகிறது?

பதில்: ஒரு காலாட்படைக் கம்பெனியில் ஏறத்தாழ 120 பேர் இருப்பார்கள். அவர்களை மூன்று பிளாட்டூன்களாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி நிறுத்தியிருப்பார்கள். சுடத் தொடங்கியதும் ஒரு சிப்பாய்க்குத் தெரிவது தன் பதுங்குகுழிக்கு எதிரே உள்ள சிறு நிலப்பரப்பு மட்டுமே. அதைக் காப்பதே அவருடைய கடமை. எந்தப் பிளாட்டூன் தளர்கிறது, யாரிடம் தோட்டா தீர்ந்துகொண்டிருக்கிறது, எதிரி எந்த ஓடை வழியாகச் சுற்றி வருகிறான், பின்னாலுள்ள பீரங்கிகள் எந்த இடத்தில் குண்டு போட வேண்டும் என்பதையெல்லாம் யாராவது ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர்தான் மேஜர். கவனிப்பதற்குத் தலையைத் தூக்க வேண்டும். பல வேளைகளில் ஒரு குழியை விட்டு எழுந்து திறந்தவெளியைக் கடந்து அடுத்த குழிக்கு ஓட வேண்டும். தம் கையிலுள்ள துப்பாக்கியால் ஒருமுறைகூடச் சுடாமலேயே ஓர் அதிகாரி மிகப் பெரிய வீரச்செயலைச் செய்து முடிக்க முடியும் என்பதைத் திரைப்படத்தில் காட்டுவது கடினம் என்பதால்தான் அவரை ஓட விடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

சுதந்திர இந்தியாவின் முதல் பரம வீர சக்ரா விருதைப் பெற்ற மேஜர் சோம்நாத் சர்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1947 நவம்பர் 3 அன்று, ஸ்ரீநகர் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள பட்காம் கிராமத்தில், குமாவுன் படைப்பிரிவின் நான்காவது பட்டாலியனை (பட்டாலியன் என்பது பல கம்பெனிகள் அடங்கிய படை அணி) சேர்ந்த அவருடைய கம்பெனியை நூற்றுக்கணக்கான ஊடுருவல்காரர்கள் மூன்று பக்கங்களிலும் சூழ்ந்துகொண்டார்கள். ஹாக்கி ஆட்டத்தில் ஏற்பட்ட எலும்பு முறிவினால் அவருடைய இடக்கை அப்போது மாவுக்கட்டில் இருந்தது. காஷ்மீருக்குப் போக வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் தம் ஆட்களோடு வந்திருந்தார். அன்று அவர் செய்த வேலைகளைப் பாருங்கள். ஒவ்வொரு நிலைக்கும் ஓடிப்போய்ப் படையினருக்கு ஊக்கமூட்டினார். உதவிக்கு வந்த விமானங்களுக்கு எதிரியின் இடத்தைக் காட்டுவதற்காக, குண்டுகள் பாயும் திறந்தவெளியில் அடையாளத் துணிகளை விரித்து வைத்தார். இலகு ரக இயந்திரத் துப்பாக்கிகளை இயக்கியவர்கள் பலர் வீழ்ந்து சூட்டின் வேகம் குறைந்தபோது, உட்கார்ந்து தோட்டாப் பெட்டிகளை நிரப்பி ஒவ்வொருவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். கை ஒடிந்த ஒரு மேஜர் செய்யக்கூடிய மிகச் சாதாரணமான வேலை அது. அந்த நேரத்தில் அந்தக் கம்பெனிக்கு மிகவும் தேவைப்பட்ட வேலையும் அதுதான். அருகிலிருந்த வெடிபொருள் குவியலின் மீது மோர்ட்டார் குண்டு விழுந்து அவர் உயிரிழந்தார். எதிரி 50 கெஜ தூரத்தில் இருக்கிறான், ஓர் அங்குலமும் பின்வாங்க மாட்டோம் என்ற பொருளில் அவர் வயர்லெஸ்ஸில் அனுப்பிய கடைசிச் செய்தியைப் பலரும் அறிவார்கள். ஆனால் அந்தச் செய்தியைவிட அந்தத் தோட்டாப் பெட்டிகளே அவரை எனக்குத் தெளிவாகக் காட்டுகின்றன. அவருடைய கம்பெனி தாக்குப்பிடித்த சில மணி நேரம், கூடுதல் படைகள் வந்து சேரவும் விமான நிலையம் கைவிட்டுப் போகாமல் இருக்கவும் போதுமானதாக இருந்தது.

லடாக்கின் ரெசாங் லா கணவாயில் 1962 நவம்பர் 18 அன்று மேஜர் ஷைத்தான் சிங் இருந்த நிலை இதைவிடக் கொடியது. 16,000 அடிக்கும் மேற்பட்ட உயரம், உறையவைக்கும் குளிர், சீனப் படையின் பெரும் எண்ணிக்கை ஆகியவற்றுக்கும் மேலாக, இடையில் ஒரு மலைமுகடு மறைத்ததால் பின்னாலிருந்த இந்தியப் பீரங்கிகளால் அவருடைய நிலைகளுக்கு உதவ முடியவில்லை. பீரங்கி உதவி கிடைக்காது என்பது முன்கூட்டியே தெரிந்த ஒரு கம்பெனித் தலைவர் தம் ஆட்களுக்கு எதைக் கொடுக்க முடியும்? தம்மைத்தான் கொடுக்க முடியும். ஒரு பிளாட்டூனிலிருந்து இன்னொரு பிளாட்டூனுக்கு மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவர் காயமடைந்தார். தூக்கிச் சென்ற வீரர்கள் மீதும் இயந்திரத் துப்பாக்கிச் சூடு தொடர்ந்ததால், தம்மை ஒரு பாறைக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போகுமாறு உத்தரவிட்டார். அன்று அவர் பிறப்பித்த உத்தரவுகளில், அவருடைய ஆட்கள் நிறைவேற்றத் தயங்கியது அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அந்தக் கம்பெனியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பனியினூடே தேடிச் சென்றவர்கள், ஆயுதத்தைக் கையில் பிடித்தபடியே பதுங்குகுழிகளில் உறைந்து கிடந்த உடல்களைக் கண்டார்கள். தப்பி வந்த சிலர் அதற்கு முன்பே நடந்ததைச் சொல்லியிருந்தும், முதலில் அவர்கள் நம்பப்படவில்லை என்பது வருத்தத்துக்குரிய செய்தி.

கேள்வி: நான் ராணுவ அதிகாரித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் மாணவன். வீரம் பிறவிக் குணமா, பயிற்சியால் வருவதா? பயமே இல்லாதவர்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார்களா?

பதில்: பயமே இல்லாத ஒருவரிடம் 120 உயிர்களை ஒப்படைப்பது ஆபத்து, எது அபாயம் என்பதே அவருக்குப் புரியாது. ஐந்து நாள்கள் நடக்கும் தேர்வு வாரியச் சோதனையில் யாரும் உங்களை நோக்கிச் சுடப்போவதில்லை. பலகையையும் கயிற்றையும் உருளையையும் கொடுத்து ஒரு குழுவாகத் தடையைக் கடக்கச் சொல்லும்போது, களைத்துப்போன நிலையிலும் நீங்கள் மற்றவர்களைப் பற்றி யோசிக்கிறீர்களா, திட்டம் தோற்றால் எரிச்சலைக் கூட இருப்பவர் மீது காட்டுகிறீர்களா என்பதைத்தான் அவர்கள் உற்றுப் பார்ப்பார்கள்.

பிறகு வரும் பயிற்சியில், சென்னை பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலானாலும் டேராடூனிலானாலும், தாக்குதல் முறைகளை உடல் தானாகச் செய்யும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பார்கள். உண்மையான தோட்டாக்களின் ஓசைக்கும் பழக்குவார்கள். கைகால்கள் தாமாக இயங்கினால், மூளை அடுத்த முடிவை எடுப்பதற்கு ஓய்வாக இருக்கும் என்பதே இதன் அடிப்படை. போர்முனையில் அதிகாரிக்குப் பயத்தை அடக்க உதவும் இன்னொன்றும் உண்டு: அவருக்கு ஓயாமல் வேலை இருக்கிறது, அவருடைய முகத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 22 வயது லெப்டினன்டுக்குப் பக்கத்தில், அவருடைய வயது அளவுக்கே பணி அனுபவம் உள்ள சுபேதார் ஒருவர் இருப்பார். அவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளும் அடக்கம் உங்களிடம் இருந்தால், முதல் சண்டையில் பாதிப் பயம் அங்கேயே குறையும்.

கேள்வி: பின்வாங்க வாய்ப்பிருந்தும் நின்று போரிடுவது வீரமா, வெறும் பிடிவாதமா? தோல்வியில் முடிந்தால் அதே செயலைத்தானே மடமை என்று சொல்லியிருப்போம்?

பதில்: முடிவை வைத்து அளந்தால் நீங்கள் சொல்வது சரியாகிவிடும். ஆகவே, முடிவு தெரியாத அந்த நேரத்தில் அதிகாரி எதை எண்ணிப் பார்த்தார் என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

1971 டிசம்பர் 4 இரவு, ராஜஸ்தான் பாலைவனத்தில் லோங்கேவாலா சாவடியில் பஞ்சாப் படைப்பிரிவின் 23ஆவது பட்டாலியனைச் சேர்ந்த ஒரு கம்பெனியோடு மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி இருந்தார். 40க்கும் மேற்பட்ட டாங்கிகளோடு பாகிஸ்தான் படை எல்லையைக் கடந்து வருவதை அவருடைய ரோந்துக் குழு கண்டு சொன்னது. நின்று தடுப்பதா, போரிட்டபடியே பின்வாங்குவதா என்ற தேர்வு அவரிடமே விடப்பட்டது. ஆட்களை ஏற்றிச் செல்லப் போதிய வண்டிகள் இல்லை. மணலில் நடந்து செல்லும் காலாட்படையை டாங்கிகள் விடியுமுன் எட்டிப் பிடித்துவிடும். அவர் இருந்ததோ மேட்டு நிலம். ஜெய்சல்மேரிலிருந்த ஹண்டர் விமானங்களால் இரவில் தாக்க முடியாது, ஆனால் பொழுது விடிந்தால் முடியும். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், நிற்பது என்பது வெற்றிக்கான முடிவு என்பதைவிட, விடியல் வரை உயிரோடு இருப்பதற்கான முடிவு என்பது விளங்கும். முள்வேலியைக் கண்ட எதிரி கண்ணிவெடி இருக்குமோ என்று தயங்கி நேரத்தை இழந்தது அவருக்குக் கிடைத்த நற்பேறு. விடிந்ததும் விமானங்கள் வந்தன. வெற்றி தரைப்படைக்கு உரியதா விமானப்படைக்கு உரியதா என்று பின்னாளில் வாதம் எழுந்தது. விமானங்கள் வருவதற்குள் சாவடி வீழ்ந்திருந்தால் வாதிடவே எதுவும் இருந்திருக்காது. சாந்த்புரிக்கு மகா வீர சக்ரா வழங்கப்பட்டது.

அதே போரில், டிசம்பர் 16 அன்று, ஷகர்கர் பகுதியில் பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் எடுத்த முடிவைப் பற்றிப் பேசுவது இன்னும் கடினம். வயது 21, அதிகாரியாகப் பொறுப்பேற்று ஆறு மாதங்களே ஆகியிருந்தன. அவருடைய டாங்கி அடிபட்டுத் தீப்பிடித்தபோது, அதைக் கைவிட்டு வெளியேறும்படி வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது. தம் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று சொல்லி மறுத்து, தொடர்ந்து சுட்டு, அடுத்த குண்டில் உயிரிழந்தார். இது உத்தரவை மீறிய செயல்தானே என்று கேட்கலாம். அவர் தனியாகவும் இல்லை; டாங்கிக்குள் இருந்த மற்றவர்களின் உயிரும் அந்த முடிவோடு பிணைந்திருந்தது. ஆனால் அந்த இடத்தில் எதிரியின் டாங்கிகளை மறித்து நிற்கக்கூடிய நிலையில் வேறு டாங்கி இல்லை, அவர் அகன்றால் தடுப்பு வரிசையில் உடைப்பு ஏற்படும் என்பது தூரத்தில் இருந்தவரைவிட அவருக்கே நன்றாகத் தெரியும். பீரங்கி பழுதாகியிருந்து, அப்போதும் அவர் வெளியேற மறுத்திருந்தால், அதை நான் பிடிவாதம் என்றுதான் எழுதியிருப்பேன்.

கேள்வி: ஈழத்தில் இந்திய அமைதிப் படை போரிட்டதே தவறு என்று கருதுபவன் நான். அங்கே வீழ்ந்த மேஜர் பரமேஸ்வரனை வீரர் என்று கொண்டாடுவது எப்படி நியாயமாகும்?

பதில்: கடினமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல முயல்கிறேன். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் மும்பையில் பிறந்த தமிழர்; சென்னையில் அதிகாரிப் பயிற்சி முடித்து 1972இல் மகர் படைப்பிரிவில் சேர்ந்தவர். 1987 நவம்பர் 25 அன்று பின்னிரவில், யாழ்ப்பாணப் பகுதியில் ஒரு தேடுதல் நடவடிக்கையை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த அவருடைய அணி மறைந்திருந்தவர்களின் தாக்குதலில் சிக்கியது. இருளில் நாலாபுறமும் சூடு கேட்கும்போது தரையோடு படுத்துக்கொள்ளவே உடல் சொல்லும். அவர் தம் ஆட்களில் சிலரோடு சுற்றிச் சென்று, தாக்கியவர்களைப் பின்புறத்திலிருந்து எதிர்கொண்டார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்த பிறகும், சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டு வீழ்த்தியதாகவும், உயிர் பிரியும் வரை உத்தரவுகளைக் கொடுத்துக்கொண்டே இருந்ததாகவும் விருதுக் குறிப்பு சொல்கிறது. அமைதிப் படையினரில் பரம வீர சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே.

அந்தப் படையை அனுப்பியது அரசியல் முடிவு. அந்த முடிவின் விளைவுகளில், 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் ஊழியர்களும் கொல்லப்பட்டதும் அடங்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் உயிரிழந்ததும் அடங்கும். 1990 மார்ச்சில் கடைசிப் படைப்பிரிவுகள் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, தமிழ் மக்களைக் கொன்ற படையை வரவேற்கப் போக மாட்டேன் என்று அன்றைய முதலமைச்சர் கருணாநிதி மறுத்ததையும் நாம் மறக்கவில்லை. இவற்றுள் எதையும் மறைக்காமலே, தம்மை நம்பி வந்தவர்களைச் சாவிலிருந்து மீட்க அந்த இரவில் ஒரு மேஜர் என்ன செய்தார் என்பதைத் தனியாக மதிப்பிட முடியும் என்று நம்புகிறேன். மருத்துவமனையில் நடந்ததற்கு அவருடைய விருது விடையாகாது. மருத்துவமனையில் நடந்தது அவருடைய துணிவை அழித்துவிடாது. இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொள்வது சங்கடமாகத்தான் இருக்கும். இந்த விஷயத்தில் சங்கடப்படாமல் இருப்பவர்களின் மீதே எனக்கு ஐயம் அதிகம். உங்களைக் கொண்டாடச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை.

கேள்வி: அதிகாரியே முன்னால் போய் இறந்துவிட்டால் படையை நடத்துவது யார்? முன்னின்று நடத்துவது பழங்கால முறை என்று தோன்றவில்லையா?

பதில்: கார்கில் போரில் இந்தக் கேள்விக்கு விலை கொடுத்துப் பதில் பெற்றோம். ராமேஸ்வரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன், 1999 மே 29 அன்று பட்டாலிக் பகுதியின் ஜுபார் மலையில், பீகார் படைப்பிரிவின் முதல் பட்டாலியன் வீரர்களை வழிநடத்தி எதிரியின் பங்கர்களை நெருங்கிச் சென்று வீழ்ந்தார். அவருடைய உடலை மீட்க ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. டோலோலிங் மலையில் மேஜர் ராஜேஷ் அதிகாரியும் (அதிகாரி என்பது அவருடைய பெயரின் பகுதி), அடுத்த சில நாள்களில் அதே பட்டாலியனின் துணைத் தளபதியான லெப்டினன்ட் கர்னல் விஸ்வநாதனும் இறந்தார்கள்.

செங்குத்தான மலையில், இரவில், ஒற்றை வரிசையில் ஏறும்போது பின்னால் இருக்கும் அதிகாரிக்கு எதுவுமே தெரியாது. முன்னால் போவது அங்கே மரபுக்காக மட்டும் செய்வதல்ல, பார்ப்பதற்காகவும் செய்ய வேண்டியிருக்கிறது. எனினும் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிளாட்டூன் தலைவர் முன்வரிசையிலும், கம்பெனித் தலைவர் நிலைமையைக் காணக்கூடிய அளவுக்கு அருகிலும், பட்டாலியனின் கர்னல் பீரங்கி உதவியையும் துணைப் படைகளையும் இயக்கக்கூடிய இடத்திலும் இருப்பதே முறை. டோலோலிங்கை ஜூன் 13 அன்று ராஜ்புதானா ரைபிள்ஸின் இரண்டாவது பட்டாலியன் கைப்பற்றியபோது, அதன் தளபதி கர்னல் ரவீந்திரநாத், தாக்குதலுக்கு முன் ஆயத்தத்துக்கு நேரம் கேட்டுப் பெற்று, ஆட்களை அந்த உயரத்துக்குப் பழக்கி, பெரும் பீரங்கித் தாக்குதலோடு அவர்களை அனுப்பினார். ‘இன்றே ஏறு’ என்ற நெருக்குதல் மேலிருந்து வரும் நேரத்தில், ‘ஆயத்தமாகாமல் என் ஆட்களை அனுப்ப மாட்டேன்’ என்று நிற்பதற்கும் துணிவு வேண்டும். அதற்குத் தனிப் பதக்கம் கிடையாது. தலைவர் வீழ்ந்தால் அடுத்தவர் யார், அவருக்கும் அடுத்தவர் யார் என்பது தாக்குதல் தொடங்குமுன்பே சொல்லப்பட்டிருக்கும். அந்தச் சங்கிலி அறாமல் இருந்தால், இறந்த பிறகும் அந்த அதிகாரி தலைமை தாங்குகிறார் என்றே சொல்லலாம்.

கேள்வி: மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு ஏன் பரம வீர சக்ரா கிடைக்கவில்லை? உயரிய விருதுகள் அதிகாரிகளுக்கு மட்டும்தானா? யார் முடிவு செய்கிறார்கள்?

பதில்: பரம வீர சக்ரா, மகா வீர சக்ரா, வீர சக்ரா ஆகிய மூன்றும் போரில் எதிரியை நேரில் எதிர்கொண்டு ஆற்றும் செயலுக்கு உரியவை. முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று ஷோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையில் உயிரிழந்ததால், அத்தகைய செயல்களுக்கான விருதுகளுள் முதலாவதாகிய அசோக சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது. அதைக் குறைவான விருது என்று எண்ண வேண்டாம். 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்ட பரம வீர சக்ராவை இதுவரை 21 பேரே பெற்றிருக்கிறார்கள்; அவர்களில் 14 பேருக்கு மறைவுக்குப் பின் அளிக்கப்பட்டது. பதவி ஒரு தடையல்ல. கார்கிலுக்காக அதைப் பெற்ற நால்வரில் விக்ரம் பத்ரா, மனோஜ் பாண்டே ஆகிய இருவர் அதிகாரிகள். யோகேந்திர சிங் யாதவ், சஞ்சய் குமார் ஆகிய இருவர் சிப்பாய்கள்.

செயலைக் கண்டவர்களின் வாக்குமூலத்தோடு பரிந்துரை பட்டாலியனிலிருந்து புறப்பட்டு மேலே செல்லும். ஆகவே சாட்சிகள் இல்லாத வீரம் பெரும்பாலும் பதிவாகாமலே போய்விடுகிறது. கம்பெனியில் எல்லோரும் மடிந்த இடங்களில் எத்தனை பெயர்கள் இப்படி மறைந்தனவோ! இதற்கு நேர்மாறாக, எதிரியே சாட்சியான நிகழ்ச்சியும் உண்டு. 1999 ஜூலையில் டைகர் ஹில்லில் எதிர்த்தாக்குதலை வழிநடத்தி வீழ்ந்த பாகிஸ்தான் கேப்டன் கர்னல் ஷேர் கானின் (கர்னல் என்பது அவருடைய பெயரின் பகுதி, பதவியல்ல) துணிவை, அங்கே இந்தியப் படைகளை நடத்திய பிரிகேடியர் பாஜ்வா ஒரு சீட்டில் எழுதி, உடலைத் திருப்பி அனுப்பும்போது அவருடைய சட்டைப்பையில் வைத்தார். ஷேர் கானுக்குப் பாகிஸ்தான் தன் மிக உயரிய விருதான நிஷான்-இ-ஹைதரை வழங்கியது.